கடல் துறவியும் தோக்குஸோ சொன்ன பதிலும்



பேய்க்கதை இல்லாத மக்கள் உலகில் இல்லை. காட்டோரம் வாழ்கிறவனுக்குக் காட்டுப் பேய். மலையடிவாரத்தில் இருப்பவனுக்கு மலைப் பேய். நான்கு புறமும் கடல் சூழ்ந்த ஜப்பானியருக்குக் கடலிலேதான் பேய்கள் மிகுதி. அவற்றுள் பெயர் பெற்ற ஒன்றைப் பற்றி இன்று பேசப் போகிறோம். பேயைப் பற்றிய பேச்சு வரலாற்றில் எப்படிச் சேரும் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு மக்கள் எதற்கு அஞ்சினார்கள் என்று தெரிந்தால், அவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதும் தெரிந்துவிடும். ஆகையால் சற்றுப் பொறுமையோடு கேளுங்கள்.

அந்தக் கடற்பேயின் பெயர் உமிபோஸு. ஜப்பானிய மொழியில் 'உமி' என்றால் கடல். 'போஸு' என்பது தலையை மழித்துக்கொண்ட பௌத்தத் துறவியைக் குறிக்கும் சொல். ஆகவே உமிபோஸு என்றால் கடல் துறவி. பெயர் சாந்தமாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. காற்று ஓய்ந்து, கடல் கண்ணாடி போலக் கிடக்கும் இரவிலே, திடீரென்று நீர் குமிழ்த்து எழும். மயிரே இல்லாத, கரிய, உருண்டையான ஒரு தலை படகைவிடப் பெரிதாக மேலே வரும். சில ஊர்க் கதைகளில் அதற்குக் கண் மட்டும் உண்டு, வாயும் மூக்கும் இல்லை. அது படகைத் தூக்கிக் கவிழ்க்கும். அதனிடம் வாய் திறந்து பேசினாலே படகு போயிற்று என்று சொன்ன ஊர்களும் உண்டு. கண்டவன் தலையைக் குனிந்துகொண்டு, மூச்சுக் காட்டாமல் படகைச் செலுத்த வேண்டும் என்பது முதியவர்களின் அறிவுரை.

படித்தவர்களும் இதை முற்றாகத் தள்ளிவிடவில்லை. ஓசாக்காவைச் சேர்ந்த தெராஜிமா ரியோஆன் என்ற மருத்துவர் 1712ஆம் ஆண்டு வாக்கில் படங்களோடு ஒரு பெரிய கலைக்களஞ்சியம் தொகுத்தார். அதிலே ஆமை உடலும் மழித்த தலையும் உடைய ஒரு கடல் உயிரைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்றைக்கு அதைப் படிப்பவர்கள், பெரிய கடலாமையைத்தான் யாரோ அரையிருட்டில் பார்த்திருக்க வேண்டும் என்பார்கள். உமிபோஸுவைத் திமிங்கலத்தின் முதுகு என்பாரும், தனியே எழும் பேரலை என்பாரும், கடல் மேல் கவியும் கருமேகம் என்பாரும் உண்டு. இருக்கலாம். ஆனால் ஆமையைப் பார்த்தவன் ஏன் ஆமை என்று சொல்லாமல் பேய் என்று சொன்னான் என்பதற்கு இந்த விளக்கங்கள் பதில் தருவதில்லை.

உமிபோஸுவுக்கு உறவு என்று சொல்லத்தக்க இன்னொரு கூட்டம் உண்டு. கடலில் மூழ்கி இறந்து, முறையான சடங்கு பெறாதவர்களின் ஆவிகள் அவை. ஃபுனாயூரேய், அதாவது படகு ஆவிகள் என்று பெயர். இவை இருட்டிலோ மூடுபனியிலோ படகின் பக்கத்தில் வந்து, 'அகப்பை கொடு, அகப்பை கொடு' என்று கை நீட்டும். இரக்கப்பட்டோ பயந்தோ கொடுத்துவிட்டால், அந்த அகப்பையாலேயே கடல்நீரை மொண்டு மொண்டு படகுக்குள் ஊற்றி மூழ்கடித்துவிடும். இதற்கு மாலுமிகள் கண்டுபிடித்த வழி எளிமையானது. அடியில்லாத அகப்பை ஒன்றைப் படகிலே தயாராக வைத்திருப்பார்கள். கேட்டால் அதைக் கொடுப்பார்கள். ஆவி மொள்ளும், நீர் நிற்காது. மொண்டு மொண்டு சலித்துவிட்டு அது போய்விடும்.

ஏன் அகப்பை? கத்தி கேட்கவில்லை, உயிரைக் கேட்கவில்லை, அகப்பையைக் கேட்கிறது. அக்காலத்துப் படகிலே நீர் உள்ளே வந்தால் இறைத்துக் கொட்டுவதற்கு இருந்த கருவி அது. புயலிலே சிக்கிய மாலுமி கடைசி மூச்சுவரை கையில் பிடித்திருந்த பொருள் அதுதான். இறைத்து இறைத்துக் கை ஓய்ந்து மூழ்கியவன், செத்த பிறகும் அதையே கேட்டுக்கொண்டு வருகிறான். இந்தக் கதையை உண்டாக்கியவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கற்பனை செய்தவர்கள் அல்லர். படகிலே நீர் இறைத்துப் பழகியவர்கள்.

இனி, உமிபோஸுவைப் பற்றிய கதைகளிலே எனக்கு மிகவும் பிடித்ததைச் சொல்கிறேன். தோக்குஸோ என்று ஒரு மாலுமி. குவனாயா தோக்குஸோ என்பது முழுப்பெயர். மாதத்தின் கடைசி நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று மாலுமிகளிடையே ஒரு கட்டுப்பாடு இருந்தது. தோக்குஸோ அதைப் பொருட்படுத்தாமல் படகை எடுத்துக்கொண்டு போனான். நடுக்கடலில் காற்று மாறிற்று, அலை மலைபோல் எழுந்தது. அலைக்கு நடுவே கரிய தலை ஒன்று எழுந்து நின்று அவனைப் பார்த்தது. 'என்னைவிடப் பயங்கரமானது எதையாவது நீ கண்டதுண்டா?' என்று கேட்டது.

தோக்குஸோ சுக்கானை விடவில்லை. 'வயிற்றுப் பிழைப்பைப் பார்த்திருக்கிறேன். அது உன்னைவிடப் பயங்கரமானது' என்றான்.

அவ்வளவுதான். பேய் ஒன்றும் சொல்லாமல் நீருக்குள் இறங்கி மறைந்துவிட்டது.

இந்தக் காட்சியை 1845ஆம் ஆண்டு வாக்கில் உத்தாகாவா குனியோஷி என்ற பெயர்பெற்ற ஓவியர் மரக்கட்டையில் செதுக்கி அச்சிடும் படமாக வரைந்தார். அவர் சாயத் தொழில் செய்த ஒருவரின் மகன். எடோ நகருக்கும் கியோத்தோ நகருக்கும் இடையே சென்ற நெடுஞ்சாலையில் 53 தங்குமிடங்கள் இருந்தன. அந்த இடங்களை வைத்து மூன்று ஓவியர்கள் சேர்ந்து வரைந்த படவரிசையில், குவனா என்ற ஊருக்கு உரிய படமாக இக்கதை வந்தது. பொருத்தமான தேர்வுதான். அந்த நெடுஞ்சாலை முழுவதிலும் குவனாவுக்குப் போகும் இடத்தில்தான் பயணிகள் சாலையை விட்டு, ஏறக்குறைய 28 கிலோமீட்டர் கடலில் படகேறிப் போக வேண்டியிருந்தது. படத்திலே அலை வளைந்து நிற்கிறது. அதன் மேல் நிழல்போலக் கரிய உருவம், வெறித்த கண்கள். கீழே சிறிய மனிதனாகத் தோக்குஸோ.

மாதக் கடைசியில் ஏன் போகக் கூடாது? ஜப்பானியர் 1872ஆம் ஆண்டின் இறுதிவரை சந்திரனை அடிப்படையாகக் கொண்ட நாட்காட்டியையே பின்பற்றினார்கள். அதில் மாதத்தின் கடைசி நாள் என்றால் நிலவில்லாத நாள். நம் அமாவாசை இருட்டேதான். கலங்கரை விளக்கங்கள் குறைந்த காலத்தில் அந்த இருட்டிலே பாறையும் தெரியாது, கரையும் தெரியாது. கட்டுப்பாடு மூடநம்பிக்கை போலத் தோன்றினாலும் உள்ளே அறிவு இருக்கிறது.

அப்படியிருக்கத் தோக்குஸோ ஏன் போனான்? கதை அதைச் சொல்லவில்லை. ஆனால் அக்காலத்து ஜப்பானிய நகரங்களில் கடைக்காரர்கள் கடனுக்குச் சாமான் கொடுத்துவிட்டு, குறித்த நாட்களில் கணக்குத் தீர்க்க வீடு வீடாக வந்து நிற்பார்கள். அவற்றுள் பெரியது ஆண்டின் கடைசி நாள். கடன்காரனுக்கு ஒளிந்துகொள்ள இடம் தேடும் மக்களைப் பற்றி அந்நாளைய எழுத்தாளர்கள் வேடிக்கையும் வேதனையுமாக நிறைய எழுதியிருக்கிறார்கள். சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே கடைப் புத்தகம் முந்திக்கொள்ளும் வீடுகளில் தோக்குஸோவின் பதிலுக்கு உரை சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு நயமும் அதில் உண்டு. ஜப்பானிய மொழியிலே பிழைப்பு நடத்துவதை 'உலகைக் கடப்பது' என்று சொல்வார்கள். படகில் ஏறி நீரைக் கடப்பதற்கும் அதே சொல். ஆகவே கடலைக் கடக்கிறவனிடம் கடலிலிருந்து எழுந்த பேய் கேட்கிறது. அவனோ, இந்தக் கடலைவிட அந்தக் கடல் கொடியது என்கிறான். மகளுக்குக் கல்யாணம் செய்து, கடன் அடைத்து ஒருவழியாகக் 'கரையேறினேன்' என்று நாம் சொல்கிறோம் அல்லவா? அதே எண்ணம்தான்.

சரி, தோக்குஸோ அஞ்சிய அந்தப் பிழைப்பு எப்படிப்பட்டது? இங்கேதான் கதை முடிந்து வரலாறு தொடங்குகிறது.

அப்போது எடோ, அதாவது இன்றைய டோக்கியோ, ஏறக்குறைய பத்து லட்சம் மக்கள் வாழ்ந்த மாநகரம். அத்தனை பேருக்கும் அரிசி, எண்ணெய், மது, துணி எல்லாம் பெரும்பாலும் கடல் வழியாகத்தான் வந்தன. ஓசாக்கா, குவனாப் பக்கங்களிலிருந்து சரக்குக் கப்பல்கள் கரையை ஒட்டியே கிழக்கு நோக்கிச் செல்லும். பெரிய கப்பல் ஆயிரம் கொக்கு அரிசி ஏற்றும். ஒரு கொக்கு என்பது ஒரு மனிதன் ஓராண்டுக்கு உண்ணும் அரிசி, ஏறக்குறைய 150 கிலோ. ஆகவே ஆயிரம் கொக்கு என்றால் 150 டன். இத்தனை பாரத்தோடு, பதினைந்து பேருக்கு முன்பின்னான ஆட்கள்.

அந்தக் கப்பலுக்கு ஒரே பாய்மரம், ஒரே பெரிய சதுரப் பாய். மேல்தளம் நீர் புகாதபடி இறுக மூடப்பட்டதல்ல. சுக்கானோ மிகப் பெரியது. ஆழமில்லாத துறைகளில் மேலே தூக்கிக்கொள்ள வசதியாகக் கயிற்றால் தளர்வாகக் கட்டப்பட்டிருந்தது. அமைதியான கடலில் இது நல்ல ஏற்பாடு. புயலில் பேரலை அடித்தால் முதலில் உடைவது அந்தச் சுக்கான்தான். அரசாங்கம் பெரிய கப்பல்களைத் தடை செய்ததால்தான் இப்படி ஆயிற்று என்று பலர் எழுதுகிறார்கள். 1635இல் அப்படி ஒரு தடை வந்தது உண்மையே. ஆனால் 1638இல் வணிகக் கப்பல்களுக்கு அது தளர்த்தப்பட்டது. கரையோரப் பயணத்துக்கும் குறைந்த கூலிச் செலவுக்கும் ஏற்றதாக வணிகர்களே அந்த அமைப்பை விரும்பினார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

குளிர்காலத்திலே வடமேற்குக் காற்று சீறி அடித்துக் கப்பலைக் கரையிலிருந்து பசிபிக் பெருங்கடலுக்குத் தள்ளும். சுக்கான் போய்விட்டால் கப்பல் உருளத் தொடங்கும். சரக்கைக் கடலில் எறிவார்கள். அப்போதும் உருண்டால் கண்ணீரோடு பாய்மரத்தையே வெட்டிச் சாய்ப்பார்கள். பிறகு அது கப்பல் அல்ல, மிதக்கும் மரம். மாலுமிகள் தங்கள் குடுமியை அறுத்துக் கொம்பிரா என்ற தெய்வத்துக்கு வேண்டிக்கொள்வார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு, கரை எந்தத் திசையில் இருக்கிறது என்று சாமியிடம் கேட்பார்கள். இந்தக் கொம்பிரா யார் தெரியுமா? கங்கை முதலையைக் குறிக்கும் கும்பீரம் என்ற வடசொல்தான் பௌத்த நூல்களின் வழியே சீனம் சென்று, ஜப்பான் சேர்ந்து, மாலுமிகளைக் காக்கும் தெய்வத்தின் பெயராயிற்று. ஷிக்கோக்குத் தீவில் மலைமேல் அதற்குப் பெரிய கோயில் இருக்கிறது.

காற்றோடு போனவர்கள் பெரும்பாலும் திரும்பவில்லை. திரும்பியவர்களின் கதை அதைவிட வியப்பானது. குவனாவுக்குத் தெற்கே, அதே வளைகுடாவில் ஷிரோகோ என்று ஒரு துறை. ஜப்பானியக் கணக்கில் 1782ஆம் ஆண்டின் கடைசி மாதத்தில், தாய்க்கொக்குயா கோதாயூ என்ற தண்டையல் அங்கிருந்து அரிசியோடு எடோவுக்குப் புறப்பட்டார். கப்பலில் 17 பேர். புயல் அவர்களை அலாஸ்காவுக்கு அருகே உள்ள ஒரு தீவில் கொண்டுபோய்ப் போட்டது. ரஷ்யா முழுவதையும் கடந்து, மகாராணி இரண்டாம் கேத்தரினைக் கண்டு வேண்டி, 1792இல் மூன்றே பேர் ஜப்பானுக்குத் திரும்பினார்கள். அவர்களிலும் ஒருவர் வந்திறங்கிய நேமுரோவிலேயே இறந்துபோனார். மற்ற இருவரையும் அரசாங்கம் விசாரித்து, எடோவிலேயே ஓர் இடத்தில் கண்காணிப்பில் வைத்துக்கொண்டது. வெளிநாட்டுக்குப் போனவன் திரும்பி வந்தால் மரண தண்டனை என்று 1635லேயே சட்டம் இருந்தது. காற்று அடித்துக்கொண்டு போனவன் தன் விருப்பப்படி போகவில்லை என்று தெரிந்தும், சந்தேகம் அவனை விடவில்லை.

இனி நான் சொல்லப் போகிறவர் நமக்கு அருகிலேயே வாழ்ந்தவர். குவனாவுக்கு எதிர்க்கரையில், சிதா தீபகற்பத்தில், ஓனோவுரா என்று ஒரு சிற்றூர். இன்று மிஹாமா என்ற நகராட்சியைச் சேர்ந்தது. அவ்வூர்ப் பையன் ஒத்தோகிச்சி பதினான்கு வயதில் ஹோஜுன்மாரு என்ற கப்பலில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான். 1832ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில், அரிசியும் பீங்கான் சாமான்களும் ஏற்றிக்கொண்டு அக்கப்பல் தோபாத் துறையிலிருந்து எடோவுக்குக் கிளம்பியது. மொத்தம் 14 பேர். புயலில் சிக்கி, 14 மாதங்கள் பசிபிக் கடலில் மிதந்தார்கள். அரிசி இருந்தது, காய்கறி இல்லை. ஈறுகள் அழுகும் நோய் கண்டு ஒவ்வொருவராக இறந்தார்கள். 1834ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் கப்பல் ஒதுங்கியபோது உயிரோடு இருந்தவர்கள் மூவர்: இவாகிச்சி, கியூகிச்சி, ஒத்தோகிச்சி. அக்கரையோரப் பழங்குடியினர் அவர்களைப் பிடித்து வைத்திருந்தனர். ஹட்சன் பே கம்பெனியார் அவர்களை மீட்டு லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றி, 1835ஆம் ஆண்டின் இறுதியில் மக்காவ் வந்து சேர்ந்தார்கள்.

மக்காவில் குட்ஸ்லாஃப் என்ற ஜெர்மானியப் பாதிரியார் இம்மூவரின் உதவியால் யோவான் எழுதிய நற்செய்தியை ஜப்பானிய மொழியில் பெயர்த்தார். அது 1837இல் அச்சானது சிங்கப்பூரிலே. இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழைய ஜப்பானிய விவிலிய மொழிபெயர்ப்பு அதுதான். கப்பலில் எடுபிடியாக இருந்த பையனின் ஊர்ப்பேச்சு அந்தப் புத்தகத்திலே இருக்கிறது.

அதே ஆண்டு ஜூலையில் மோரிசன் என்ற அமெரிக்க வணிகக் கப்பல், இவர்களையும் வேறு நான்கு ஜப்பானியரையும் ஏற்றிக்கொண்டு ஜப்பானுக்குப் போயிற்று. சமாதானமாக வருகிறோம் என்று காட்டுவதற்காகக் கப்பலின் பீரங்கிகளைக் கழற்றி வைத்துவிட்டே போனார்கள். எடோ வளைகுடாவின் வாயிலில் உராகா என்ற இடம். நங்கூரம் பாய்ச்சி நிற்கிறார்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் சொந்த நாட்டின் மலை கண்ணுக்குத் தெரிகிறது. விடிந்ததும் கரையிலிருந்து பீரங்கி முழங்கியது. வெளிநாட்டுக் கப்பல் எதுவாயினும் சுட்டு விரட்டுக என்பது 1825இல் பிறந்த கட்டளை. தெற்கே ககோஷிமாவுக்குப் போய்ப் பார்த்தார்கள். அங்கும் பீரங்கிதான். அவர்கள் மக்காவுக்கே திரும்பினார்கள்.

கரையில் நின்று சுட்ட வீரர்களுக்கு, அந்தக் கப்பலிலே தங்கள் நாட்டு மாலுமிகள் இருப்பது தெரியாது. பின்னர் செய்தி தெரிய வந்தபோது, தக்கானோ சோஏய், வத்தனாபே கஸான் என்ற இரு அறிஞர்கள் இந்தக் கொள்கையைக் குறை கூறி எழுதினார்கள். 1839இல் அவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். மக்கள் பேய்க்கு அஞ்சினார்கள் என்று நாம் எளிதாகச் சிரித்துவிடுகிறோம். அரசாங்கமும் கடலைப் பார்த்து அஞ்சிக்கொண்டுதான் இருந்தது. அதன் கையில் பீரங்கி இருந்தது, அவ்வளவுதான் வேறுபாடு.

ஒத்தோகிச்சி அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. ஷாங்காய் நகருக்குப் போய் ஓர் ஆங்கில வணிக நிறுவனத்தில் வேலை பார்த்தார். தம்மைப் போல் காற்றில் அடித்து வரப்பட்ட ஜப்பானிய மாலுமிகள் பலருக்கு ஊர் திரும்ப உதவினார். 1854இல் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஸ்டெர்லிங் நாகசாக்கித் துறைக்கு வந்து ஜப்பானோடு உடன்படிக்கை செய்தபோது, இடையிலே நின்று மொழிபெயர்த்தவர் ஒத்தோகிச்சிதான். 22 ஆண்டுகளுக்கு முன் பீங்கான் சாமான்களோடு கிளம்பிய பையன், ஆங்கிலேயரின் மொழிபெயர்ப்பாளராகச் சொந்த மண்ணில் நின்றார். ஆனால் அங்கே தங்கவில்லை.

1862இல் அவர் குடும்பத்தோடு சிங்கப்பூரில் குடியேறினார். அவர் மனைவி மலாய், ஜெர்மானியக் கலப்பு வழியில் வந்தவர். அந்த ஆண்டே, ஐரோப்பா செல்லும் வழியில் சிங்கப்பூரில் இறங்கிய ஜப்பானியத் தூதுக்குழுவினர் அவரைச் சந்தித்தார்கள். பின்னாளில் ஜப்பானின் பெரிய கல்வியாளராகப் புகழ்பெற்ற ஃபுக்குஸாவா யூகிச்சி அவர்களில் ஒருவர். 1864இல் ஒத்தோகிச்சி, ஜான் மாத்தியூ ஒட்டோசன் என்ற பெயரில் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றார். வெளிநாடு செல்லக் கூடாது என்ற பழைய தடையை ஜப்பானிய அரசாங்கம் 1866இல் நீக்கியது. 1867 ஜனவரியில் ஒத்தோகிச்சி சிங்கப்பூரிலேயே காலமானார். ஐம்பது வயதுகூட நிரம்பவில்லை.

ஓனோவுராவில் இதெல்லாம் தெரியாது. ஹோஜுன்மாரு திரும்பாதபோது, 14 பேரும் கடலில் போய்விட்டார்கள் என்று ஊரார் முடிவு செய்தார்கள். ஊர்க் கோயிலான ரியோசான்ஜியில் 14 பேருக்கும் சேர்த்துக் கல்லறை எழுப்பினார்கள். ஒத்தோகிச்சிக்கும் அதிலே இடம் கொடுத்துவிட்டார்கள். ஷாங்காயில் கணக்கு எழுதிக்கொண்டும், நாகசாக்கியில் மொழிபெயர்த்துக்கொண்டும், சிங்கப்பூரில் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டும் இருந்த மனிதர், பிறந்த ஊரைப் பொறுத்தவரை கடலில் மாண்டவர். சடங்கு செய்து அமைதிப்படுத்தாவிட்டால் அகப்பை கேட்டு வரக்கூடியவர்.

சிங்கப்பூரில் அவர் உடல் முதலில் புக்கித் தீமா சாலைக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. அந்த இடத்தை வேறு தேவைக்கு எடுத்தபோது எச்சங்கள் சுவா சூ காங்கிற்கு மாற்றப்பட்டன. 2004இல் அவற்றைத் தேடிக் கண்டுபிடித்து எரியூட்டிச் சாம்பலை ஜப்பானியர் கல்லறைப் பூங்காவில் வைத்தார்கள். 2005ஆம் ஆண்டு பிப்ரவரியில் மிஹாமா ஊரார் சிங்கப்பூருக்கு வந்து, அந்தச் சாம்பலில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு போனார்கள். இம்முறை யாரும் சுடவில்லை.